பாதிப் பாடம்

நீ இதைப் படிக்கும்போது உனக்கு என்னைவிட வயது கூடியிருக்கும். எனக்கு இன்னும் பத்தொன்பது முடியவில்லை. உனக்கோ ஒரு நாள்கூட ஆகவில்லை. நீ ஆணா பெண்ணா என்று தெரியாததால் மகனே என்றோ மகளே என்றோ கூப்பிட வரவில்லை. நீ என்றுதான் எழுதுகிறேன். ஒருநாள் வேலை கிடைத்தோ கல்யாணமாகியோ நீ ஸ்ரீரங்கத்து வீட்டைவிட்டுக் கிளம்புவாய். அன்று உன் பெட்டியின் அடியில் இந்த நோட்டை வைக்க வேண்டும் என்று ஆசை. நான் வைப்பேனா, வேறு யாராவது வைப்பார்களா, அப்படி ஒரு பெட்டிக்கு அவசியம் இருக்குமா என்பதெல்லாம் இன்று நாலு மணிக்குத் தெரியும். வார்டுக் கடிகாரத்தில் இப்போது இரண்டேகால்.

நாலு மணிக்கு டாக்டரம்மா வந்து என் வயிற்றில் மரக்குழலை வைத்து உன் துடிப்பை மறுபடி கேட்பார். நேற்று கேட்டபோது மெதுவாக இருந்தது. இன்று காலையிலும் அப்படித்தான். நாலு மணிக்கும் ஏறவில்லை, நீ அசையவும் இல்லை என்றால், வயிற்றைத் திறந்து உன்னை எடுத்துவிடுவார்கள். "பயப்படாதேம்மா, நாங்க எத்தனையோ பண்ணியிருக்கோம்" என்றார். நான் தலையாட்டினேன். பயப்படாமல் இருப்பது எப்படி என்று ஆறு மாதம் கதவுக்குப் பின்னால் நின்று பாடம் கேட்டவள் நான். அந்தப் பாடத்தால்தான் இங்கே வந்து படுத்திருக்கிறேன். பாடத்தின்மேல் தப்பில்லை, நான் கேட்ட விதத்தில்தான் தப்பு. அதை உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். இடது பக்கமாகவே படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டை உன்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து சரியாக இருக்காது, பொறுத்துக்கொள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தொட்டியத்தில் எங்கள் அப்பாவுக்கு வாழைத் தோட்டம். என் அம்மா தம்பியைப் பெற்ற அன்றே போய்விட்டார். காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டவர், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இல்லை. அன்றிலிருந்து தம்பிக்குப் பால் புகட்டுவது என் வேலையாகிவிட்டது. படிப்பு போனது எனக்குப் பெரிய துக்கம் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதில்லையே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. அவ்வளவு கூச்சம் எனக்கு. கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்த முதல் மாதத்தில் உன் அப்பாவிடமே ஆமாம், இல்லை என்ற இரண்டு சொற்களுக்கு மேல் பேசியதில்லை. நீ என்னைப் போல இருந்துவிடக் கூடாது என்பது என் முதல் பயம். நீ வந்ததும் நான் போய்விடுவேன், என் அம்மாவைப் போல, என்பது இரண்டாவது பயம். நீ வயிற்றில் இருக்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த இரண்டாவது பயம் விடியும்போதே என்னோடு எழுந்திருக்கும்.

தலைப்பிரசவத்தைத் தாய் வீட்டில்தான் பார்ப்பார்கள். எனக்குத் தாய் வீடு இருக்கிறது, தாய் இல்லை. அதனால் வளைகாப்பு முடிந்ததும் அத்தை, அதாவது உன் அப்பாவைப் பெற்றவர், "அங்க போனா இவளுக்கு யாரு வென்னி போட்டுக் குடுக்கறதாம்? இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் நிறைமாதத்திலும் ஞாயிற்றுக்கிழமைப் பாடத்துக்கு நான் காபி போட வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைப் பாடம் என்பது மாமா, அதாவது உன் தாத்தா, கூடத்தில் நடத்துகிற வேதாந்தக் கூட்டம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் மாமா. மூன்று மணிக்கு ஐந்து பேர் வருவார்கள். அதில் ஒருவர் பாலக்கரையிலிருந்து பஸ் ஏறி வரும் பழைய வாத்தியார். பாயை விரித்து உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் விவாதிப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் வேறு, நாம் அவருக்கு அடிமை என்று இருப்பவர்களுக்கு நடுவில், எல்லாம் ஒன்றே என்று எங்கள் வீட்டில் மட்டும் ஒரு கூட்டம். பக்கத்து வீட்டு ஐயங்கார் மாமா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேலி செய்வார். "என்ன பிள்ளைவாள், இன்னிக்கு எதெதை இல்லேன்னு தள்ளினேள்? எங்காத்துக் கொல்லைச் சுவரையாவது விட்டு வெச்சேளா?" மாமாவும் விடமாட்டார். "சுவரே உங்க மனசுல இருக்கு சுவாமி, நான் எங்க தள்ளறது?" இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அங்கே நான் நின்று கேட்பது யாருக்கும் தெரியாது. பாடத்தின் முதல் பாதி எப்போதும் ஒரே போக்கில் போகும். இந்த உடம்பு நீ அல்ல. மூச்சு நீ அல்ல. மனசில் வந்து போகிற எண்ணம் நீ அல்ல. நல்லவன், கெட்டவன், அப்பா, பிள்ளை, பிறப்பு, சாவு எல்லாம் மனசு போட்டு வைத்திருக்கிற கருத்துகள். வந்தால் வரட்டும், பிடித்துக்கொள்ளாதே, விட்டுவிடு. இது அல்ல, இது அல்ல. இந்த இடம் வந்ததும் மணி நாலாகியிருக்கும். நான் டிகாக்ஷனை இறக்கிப் பால் காய்ச்சப் போய்விடுவேன். தட்டில் டம்ளர்களை அடுக்கிச் சமையலறை வாசற்படியில் அத்தை கையில் கொடுப்பேன். பிறகு பாத்திரம் கழுவக் கொல்லைப்புறம். நான் ஈரக் கையோடு திரும்பும்போது வந்தவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஆறு மாதமும் இப்படித்தான். காபிக்குப் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. காபிக்குப் பிறகும் பாடம் உண்டு என்பதே எனக்குத் தோன்றவில்லை.

நான் அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டேன். அரிசி களையும்போது இந்தக் கை நான் அல்ல. படியேறி மூச்சு வாங்கும்போது இந்த மூச்சு நான் அல்ல. விடியற்காலையில் 'அம்மாவைப் போலவே நானும்' என்று அந்தப் பயம் எழுந்திருக்கும்போது, இது ஓர் எண்ணம், வந்தது, போகட்டும். நீ நம்பமாட்டாய், அது நிஜமாகவே போனது. வாழ்க்கையில் நானாகக் கற்றுக்கொண்டு எனக்குக் கைகூடிய ஒரே வித்தை அதுதான். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. சுகப்பிரசவத்துக்காக மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு நேர்ந்துகொண்டு அப்பா தொட்டியத்திலிருந்து வாழைத்தார் கொண்டுவந்தார். "ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுக் குடு ஆத்தா" என்றார். தொட்டேன். ஆனால் மனசுக்குள், இது வாழைத்தார், வேண்டுதல் என்பது ஒரு கருத்து என்று தள்ளிவிட்டேன். அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தும் தள்ளினேன். அது உனக்கு நான் செய்த முதல் குற்றம் என்று நேற்று இரவு முழுக்க நினைத்து அழுதேன். இன்று அப்படித் தோன்றவில்லை. அது அப்பாவுக்கு நான் செய்த குற்றம்.

இனி நேற்று நடந்தது. தினமும் விடியும் முன்பே நீ உருள்வாய். நேற்று உருளவில்லை. பல் தேய்க்கும்போது 'குழந்தை அசையவில்லையே' என்று தோன்றியது. உடனே பழக்கப்படி, இது ஓர் எண்ணம், போகட்டும் என்றேன். இட்லி சாப்பிட்ட பிறகு எப்போதும் விலாவில் ஒரு உதை வரும். அதுவும் வரவில்லை. எண்ணம் மறுபடி வந்தது. மறுபடி விட்டேன். வரவர அது பெரிதாக வந்தது. வரவர நானும் கெட்டிக்காரத்தனமாக அதை விட்டேன். அசைகிறது என்பதும் கருத்து, அசையவில்லை என்பதும் கருத்து. என் குழந்தை என்பதே ஒரு கருத்து. இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன்னையே ஒரு கருத்து என்று தள்ளிவிட்டு நான் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னடி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?" என்று அத்தை கேட்டார்.

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லேன்னு வாயி சொல்லுது. மூஞ்சி வேற என்னமோ சொல்லுது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கூச்சம் ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன. கூச்சத்துக்கு வேதாந்தம் என்று பெயர் வைத்துக்கொண்டால் அது எவ்வளவு மரியாதையாகத் தெரிகிறது பார். உன் அப்பாவுக்கு நேற்று பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஞாயிறு வேலை. அவர் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டம் ஆரம்பித்தது. "பயமும் ஒரு எண்ணந்தாங்க. பார்த்துக்கிட்டே இருந்தா அது தானா ஓஞ்சிடும்" என்று வாத்தியார் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓயவில்லை. நாலு மணிக்கு டிகாக்ஷனில் பாலை ஊற்றினேன். அந்த வாசனைக்கு நீ எப்போதும் ஒரு புரட்டு புரளுவாய். புரளவில்லை. சூடான டம்ளரை எடுத்துப் புடவைக்கு மேலாக வயிற்றில் வைத்து அழுத்தினேன். சூடு பட்டால் துள்ளுவாய். துள்ளவில்லை. வயிறு ஒரு மண்பானையைப் போல அசையாமல் இருந்தது.

நான் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். வாசற்படியில் அத்தை கை நீட்டினார். நான் நிற்கவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து கூட்டம் நடக்கும்போது நான் அந்தக் கூடத்தில் கால் வைத்ததில்லை. நேராகப் போய் அத்தனை ஆண்களுக்கும் நடுவில் நின்று, "குழந்தை அசையல" என்றேன். சத்தமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. டம்ளர்கள் கிலுகிலுவென்று ஆடியதுதான் எனக்குக் கேட்டது.

வாத்தியார் கண்ணை மூடியபடி, பாவம் அவர் பழக்கதோஷம், "யாருக்கு அசையல? இந்த எண்ணம் யாருக்கு வருதுன்னு பாரும்மா" என்றார்.

பின்னாலிருந்து அத்தை போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "யாருக்கா? கண்ணத் தொறந்து பாருங்க வாத்தியாரே, நெறமாசக்காரி நிக்கறா! என்னங்க, மரம் மாதிரி உக்காந்திருக்கீங்களே, வண்டியக் கூப்பிடுங்க! பிரம்மம் இன்னிக்குக் காபி குடிக்காட்டிப் பரவாயில்ல!"

மாமாவுக்கு எழுந்திருக்கவே வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐயங்கார் மாமாவின் குரல் வந்தது. "பிள்ளைவாள், நான் ஜட்கா கூட்டிண்டு வரேன், நீங்க குழந்தைய மெள்ள அழைச்சிண்டு வாங்கோ." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஓடியதை நான் பார்த்தேன். வண்டியில் ஏற்றும்போது மாமாவிடம், "ரங்கா ரங்கான்னு சொல்லிண்டே போங்கோ. இன்னிக்கு ஒருநாள் உமக்கும் எனக்கும் பேதம் வேண்டாம்" என்றார். அந்த வேளையிலும் அது வேடிக்கைதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

காவிரிப் பாலத்தில் வண்டி மெதுவாகத்தான் போனது. குலுங்கக் கூடாது என்று அத்தை வண்டிக்காரரை அதட்டிக்கொண்டே வந்தார். எதிரே மலைக்கோட்டை தெரிந்தது. மாமா ரங்கா என்பதை நிறுத்திவிட்டு, "தாயுமானவரே, தாயுமானவரே" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். அவர் கையில் என் செருப்பு. எதற்கு அதை எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. எனக்குத் தள்ளுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. பயம்தான் வண்டி முழுக்க உட்கார்ந்திருந்தது. திடீரென்று கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"மாமா, காபிக்கு அப்புறம் என்ன சொல்லுவீங்க?"

"என்னம்மா?"

"இது அல்ல, இது அல்லன்னு எல்லாத்தயும் தள்ளுவீங்களே. நான் காபி போடப் போயிடுவேன். அதுக்கப்புறம்?"

அவர் முகம் அப்போதுதான் மாறியது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதும், எதுவரை கேட்டேன் என்பதும், காலையிலிருந்து ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் ஒன்றாக அவருக்குப் புரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். முப்பது வருஷம் படித்தவர். "எனக்கு... இப்ப ஒண்ணும் ஞாபகம் வரலம்மா" என்று சொல்லிவிட்டு என் செருப்பை மார்போடு பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். ஓர் இடம். பிறகு வேறிடம். பிறகு இன்னும் கீழே. அந்த நேரத்தைப் பற்றி உனக்குச் சரியாகச் சொல்ல முடிந்தால் மற்ற எதையும் சொல்ல வேண்டியதில்லை. இருக்கிறாய் என்ற எண்ணம் இல்லை, போய்விட்டாய் என்ற எண்ணமும் இல்லை. என் குழந்தை, என் குழந்தை அல்ல, நான் பிழைப்பேன், சாவேன், எதுவும் இல்லை. நான் எதையும் விடவில்லை. விடுவதற்கு நான் என்று ஒருத்தி அங்கே தனியாக நிற்கவில்லை. கேட்பது மட்டும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே குதிரை செருமியதும், அத்தையின் வளையலும், என் காதில் அடித்த ரத்தமும், இன்னும் கேட்காத உன் துடிப்பும் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. உள்ளே வெளியே என்று பிரித்து வைக்க ஒன்றுமில்லை. "இருக்கு" என்றார் டாக்டரம்மா. "துடிக்குது. மெதுவாத் துடிக்குது." உடனே நான் திரும்பி வந்துவிட்டேன், பயமும் கூடவே வந்துவிட்டது.

"எப்போலேருந்து அசைவு இல்ல?"

"விடியக்காலையிலேருந்து."

"ஏம்மா, இவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"பயந்தாங்கொள்ளி டாக்டரம்மா, வாயே தொறக்கமாட்டா" என்று அத்தை எனக்காகப் பொய் சொன்னார். முழுப் பொய்யும் இல்லை.

இன்று காலை மாமா வந்தார். உன் அப்பா நேற்று இரவு முழுக்கத் தாழ்வாரத்தில் எண்ணெய்க் கறைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாராம். எழுத ஏதாவது வேண்டும் என்று நான் உன் அப்பா மூலம் சொல்லியனுப்பியதற்கு மாமா தன் பாட நோட்டையே கொண்டுவந்திருந்தார். முன்பாதியில் அவர் குறிப்புகள். பின்பாதி வெறுமையாக இருக்கிறது. அதில்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் நூல் வைத்து அடையாளம் போட்டுக் கொடுத்தார். "நேத்து ஞாபகம் வரல. இதுதாம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அங்கே பென்சிலில் இருந்தது இதுதான்: தள்ளுகிறவன் என்ற கருத்தையும் தள்ளு. அதன் பிறகு பார், நீ தள்ளியதில் ஒன்றுகூட உனக்கு வேறாக இல்லை.

இது எனக்கு முழுக்கப் புரிந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். குழல் வைத்த நேரத்தில் கொஞ்சம் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் ஒன்று தெரிகிறது. நான் கருத்துகளை விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விடுகிறேன் என்கிற கருத்தை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பிடித்த பொம்மை. அதை வைத்துக்கொண்டு உன்னைத் தள்ளினேன். நீயும் ஒருநாள் இதையெல்லாம் படிப்பாய், இந்த வீட்டில் பிறந்தால் தப்ப முடியாது. அப்போது எண்ணத்தை விடு, தாராளமாக விடு. ஆனால் விடுவதற்கு முன் அது எதைக் காட்டுகிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு விடு. நெருப்பு என்று ஒருவன் கத்தினால், அது வெறும் சொல்தானே என்று உட்கார்ந்திருக்காதே. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் வாயைத் திறந்து சொல். அமைதியாக இருக்கிறேன் என்று நினைக்கும்போது நிஜமாகவே அமைதியா, கூச்சமா என்று உன்னையே கேட்டுக்கொள். எந்தப் பாடத்தையும் பாதியில் எழுந்து போகாதே. போக வேண்டியிருந்தால் திரும்பி வந்து மீதி என்ன என்று கேள். வீட்டில் யாராவது ஒரு பெண் கதவுக்குப் பின்னால் நின்றால், காபியை நீ போட்டுவிட்டு அவளை உட்காரச் சொல்.

மணி மூன்று நாற்பது. அடுத்த கட்டில் அம்மாள் தூங்குகிறார். தாழ்வாரத்தில் அத்தை யாரிடமோ சண்டை போடுகிற சத்தம் கேட்கிறது. உன் அப்பாவின் இருமலும் கேட்கிறது. நாலு மணிக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. என் அம்மாவின் முகம் வந்து வந்து போகிறது. அதை நான் தள்ளவில்லை. வரட்டும், உட்காரட்டும். ஒருவேளை உன் பெட்டியில் இந்த நோட்டை வைப்பது நானாக இல்லாவிட்டால், உன்னை நான் தள்ளியது அரை நாள்தான், அதுவும் தெரியாமல், என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பயம

மேலே பார்த்தாயா? பயம் என்ற சொல்லில் கடைசி எழுத்தின் மேல் புள்ளி வைக்கப் போனேன். புள்ளி விழவில்லை. நோட்டு தூக்கிவாரிப் போட்டதில் பென்சில் ஓடி, பக்கத்தின் ஓரம் வரைக்கும் நீளமாக ஒரு கோடு விழுந்துவிட்டது. என் பிரமையோ என்று காத்திருந்தேன். இப்போது மறுபடியும், விலாவுக்குக் கீழே, நோட்டே நழுவும்படி. அந்தக் கோட்டை நான் அழிக்கப் போவதில்லை. அதை நான் போடவில்லை. பென்சிலைக் கீழே வைக்கிறேன். நர்ஸம்மாவைக் கூப்பிட வேண்டும், வார்டு முழுக்கக் கேட்கும்படி.